புகையண்ணனின் இடது கால்

திண்டுக்கல் மலைக்கோட்டையைக்கூட நெம்புகோல் போட்டு நகர்த்திவிடலாம், புகையண்ணன் வாயிலிருந்து சுருட்டை நகர்த்த முடியாது என்றுதான் ஊரே நம்பியது. சுருட்டுப் பிடிப்பதே அவருக்கு உத்தியோகம். அறுபதுகளில் நான் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த சுருட்டுக் கம்பெனியில், ஒவ்வொரு சிப்பத்திலும் ஒன்றை எடுத்துப் பற்றவைத்து, "இலை மழையில நனைஞ்சிருக்கு, தள்ளு" என்பார். முதலாளியும் மறுபேச்சுப் பேசாமல் தள்ளிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு நடந்தால் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. பஸ் ஸ்டாண்டு போவதற்குள் நாலு இடத்தில் நின்று, வலியை மறைக்கச் சினிமா போஸ்டர் படிப்பார். ஒரே போஸ்டரைக் கால்மணி நேரம் படித்த ஆள் அவர்தான். கால் கட்டைவிரல் கறுத்த பிறகு மதராஸுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தொடையிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் சுற்றிப் போக ஒட்டுப்போட்டார்கள்.

"வத்தலக்குண்டு ரோட்டை அடைச்சா கன்னிவாடி வழியாச் சுத்திப் போறதில்லையா, அம்புட்டுத்தான்" என்று அண்ணன் ஊருக்கெல்லாம் விளக்கினார்.

சுற்றுவழியும் அடைத்துக்கொள்ளலாம், அடைத்துக்கொண்டால் காலையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். சர்க்கரை கூடக்கூடாது, காலை மடக்கி உட்காரக்கூடாது, மாத்திரையை விடக்கூடாது, சுருட்டைத் தொடவே கூடாது. முதல் மூன்றுக்கும் அண்ணன் பணிந்தார். ஜிலேபியை விட்டார். நாங்களெல்லாம் பாயில் உட்கார, அவர் மட்டும் ஜட்ஜ் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தார். சுருட்டு விஷயத்தில்தான் சொந்தச் சட்டம் போட்டார்.

"ஆபரேசன் இடது கால்லதானலே? நான் வலது கடைவாயிலதான் வைக்கேன்."

"புகை உங்ககிட்ட வழி கேட்டுட்டாண்ணே உள்ள போகும்?"

"நீ லேபிளை ஒட்டு."

மூன்றாம் மாசம், "ஏலே, இந்தச் செருப்பு என்ன இம்புட்டு ஜில்லுன்னு இருக்கு?" என்றார். ஜில்லிட்டிருந்தது செருப்பு இல்லை, கால். மறுபடி மதராஸ். அடைப்பை எடுத்துக் காலைக் காப்பாற்றிய டாக்டர், அடுத்த தடவை ரம்பத்தோடுதான் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணன் மிரண்டுவிட்டார். சுருட்டை விட்டால் வேலை போகும், விடாவிட்டால் கால் போகும். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நான் உள்ளே இருந்து இழுக்க வேண்டும். அவர் சன்னலுக்கு வெளியே நின்று என் முகத்தைப் பார்த்துத் தரம் சொல்வார்! எனக்கோ சுருட்டு வாடையே ஆகாது. ஆனாலும் அந்தக் காலுக்காக இழுத்தேன். நான் இருமினால் "காரம் சரி", கண்ணில் தண்ணீர் வந்தால் "முதல் தரம்", மயங்கிச் சாய்ந்தால் "ஏற்றுமதி" என்பார். ஆச்சரியம், ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆறு மாசம் இப்படி ஓடியது. ஒருநாள் மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறந்தபடியே, "ரெண்டு நாளா நடந்தா கால் அசதியா இருக்குண்ணே" என்று சும்மாதான் சொன்னேன். அண்ணன் வாயில் வைத்த கவளத்தை மெல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்தார், குனிந்து என் இரண்டு பாதங்களையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்.

"பெரியவுக, என் காலைத் தொடலாமாண்ணே!" என்று பதறி எழுந்தேன்.

"செத்த நேரம் சும்மா இருலே" என்றவர், "சூடாத்தான் இருக்கு" என்று பெருமூச்சு விட்டார். நேரே முதலாளியிடம் போய், வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி, வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

என்னைப் பெற்ற அப்பாகூட அவ்வளவு பயத்தோடு என்னைத் தொட்டுப் பார்த்ததில்லை.