ஃபியூஸ் அண்ணன் தொலைத்த இரட்சிப்புகள்

தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை உள்ள அத்தனை சபைகளையும் ஒரே மைதானத்தில் கூட்டி உட்காரவைத்தாலும், பரலோக வாசல்வரை ஃபியூஸ் அண்ணன் அளவுக்குப் போய்த் திரும்பியவர் ஒருவர்கூடத் தேறமாட்டார். நான் அறிந்த கணக்கில் ஒரே வாரத்தில் ஒன்பது தடவை. அதில் இரண்டு, கேம்ப் ரோடு சந்திப்பில் ஒரே சிவப்பு விளக்கு எரிந்து முடிவதற்குள்.

எல்லாவற்றையும் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன். எங்கள் சபையின் வரலாற்றை எழுதியவன் நான். தேதி இல்லாத சம்பவம் எனக்கு முகவரி இல்லாத கடிதம் மாதிரி. ஆனால் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர், "கிழமையும் நேரமும் போதும் சார். தேதி போட்டால் கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது" என்று எல்லாவற்றையும் அடித்துவிட்டார். மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

ஃபியூஸ் அண்ணனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. சேலையூரில் வயரிங் வேலை பார்ப்பவர். எங்கள் பக்கத்துச் சபைகள் முக்கால்வாசிக்கு மின்விசிறி, மைக், ட்யூப்லைட் எல்லாம் அவர் கைதான். சபை எதுவாக இருந்தாலும் அவர் சொல்லுகிற உவமை ஒன்றுதான். "மேல லைன்ல கரண்ட் கீது பிரதர். அது என்னைக்கும் போகாது. ஆனா நம்ம வூட்டு ஃபியூஸ் போச்சுன்னா இருட்டுதான்." பெயர் அப்படி வந்தது.

எங்கள் சபைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். எங்களில் பலர் பிறந்த தேதியைப் போலவே இன்னொரு தேதியையும் ஞாபகம் வைத்திருப்போம். மனம் திரும்பி, இயேசுவை ஏற்றுக்கொண்ட நாள். அதாவது இரட்சிக்கப்பட்ட நாள். சாட்சி சொல்ல எழுந்தால் முதல் வாக்கியமே அந்தத் தேதிதான். இனி வருவதுதான் தகராறு. அப்படிப் பெற்ற இரட்சிப்பு கடைசிவரை நிலைக்கும், போகவே போகாது என்பது ஒரு கட்சி. கவனக்குறைவாக இருந்தால் தொலைந்துபோகும் என்பது இன்னொரு கட்சி. பெரிய பெரிய வேத பண்டிதர்கள் பல நூற்றாண்டுகளாக வாதாடியும் தீராத வழக்கு. படிக்கக் கிடைத்ததை எல்லாம் படித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நல்ல எழுத்தாளர்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஃபியூஸ் அண்ணன் இரண்டாம் கட்சியின் தீவிரவாதி. அவர் மனைவி எஸ்தர் அக்கா முதல் கட்சி. ஒரே வீடு, ஒரே சமையல், இரண்டு உபதேசம்.

சபைப் பதிவேட்டைப் புதுப்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது வீடு வீடாகப் படிவம் கொடுத்தேன். பெயர், முகவரி, இரட்சிக்கப்பட்ட தேதி. எஸ்தர் அக்கா ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பிரதர், ஒரு கோடுதான் போட்டுக்கீறீங்க?"

"ஒரு தேதிக்கு ஒரு கோடு போதும் அண்ணே."

"எந்தத் தேதி? முதல் தேதியா, கடைசித் தேதியா?"

மறுநாள் புதன்கிழமை மாலை ஆறு பத்துக்கு, படிவத்தோடு பதினொரு தாள் நூல் கட்டிக் கொண்டுவந்தார். இழந்த இடம், காரணம், மீண்ட இடம் என்று மூன்று பத்தி. மின்சார ரயிலில் எவனோ காலை மிதித்ததற்குத் திட்டி, சானடோரியத்தில் இழந்தது, அவனைத் தேடிப் பிடித்துப் பல்லாவரத்தில் மீண்டது. மாமியார் வீட்டு விருந்தில் இழந்தது, அங்கேயே மீண்டது, பாயசம் வந்ததும் மறுபடி இழந்தது. தேதிகளில் ஒரு பிழை இல்லை. என் வாழ்க்கையில் பொறாமைப்பட்ட ஒரே ஆவணம் அது.

எஸ்தர் அக்கா காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "இவரு போய்ச் சேர்றதுக்குள்ள, வாசல்ல நிக்கிறவருக்குக் கதவத் தொறந்து மூடியே தோள்பட்ட போயிடும் பிரதர்."

"நீ கெட்டியா தாழ்ப்பாள் போட்டு உள்ள உக்காந்துக்கினு பேசுற."

"கொடுத்தத திரும்பக் கேக்குற பழக்கம் ஆண்டவருக்கு இல்லீங்க."

"அவரு கேக்க மாட்டாரு. நாமதான் தொலைச்சிடுவோம். நீ மூக்குக் கண்ணாடிய எத்தினி தடவ தொலைக்கிற?"

இழந்ததை மீட்க அவர் வைத்திருந்த முறைதான் தெருவுக்கே பயம். யார்மீது கோபப்பட்டாரோ, யாரைப் பற்றிப் புறம் பேசினாரோ, அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். பொழுது சாய்வதற்குள் கேட்கவேண்டும். ஆகவே மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் அழைப்புமணி அடித்தால், நம்மைப் பற்றி ஏதோ கெட்ட சேதி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார்.

"பிரதர், உங்க சபை வரலாற்ற படிச்சேன். இந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையான்னு மனசுல நினைச்சிட்டேன். மன்னிக்கணும்."

"பரவாயில்லை அண்ணே."

"இருங்க, இன்னும் முடியல. நாலு பேருகிட்ட சொல்லியும் சிரிச்சேன்."

"சரி, மன்னித்துவிட்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லையே?"

"நினைக்கிறேன் பிரதர். சிரிச்சதுதான் பாவம். நினைக்கிறது அபிப்பிராயம்."

மேல்வீட்டு வங்கி அதிகாரிக்கு, தம் மகள் கல்யாணச் சாப்பாடு சரியில்லை என்பது ஃபியூஸ் அண்ணன் வந்து மன்னிப்புக் கேட்டபோதுதான் தெரிந்தது. மூன்று மாதம் இருவரும் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்காக அண்ணன் வாரம் ஒருமுறை போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பேசாமல் திரும்பி வந்தார்.

சபைக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பிரசங்கியார் வந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்க முடியாது. பின்வரிசைக்கு மேலே மின்விசிறி சுற்றவில்லை. அண்ணன் ஏணியில் ஏறியிருந்தார். ஆராதனை தொடங்கிய பிறகும் வேலை முடியவில்லை. பிரசங்கியார் உருக்கமாக, "ஒருமுறை பெற்ற இரட்சிப்பை உங்களிடமிருந்து பறிக்க யாரால் முடியும்?" என்று கேட்டு நிறுத்தினார்.

"பறிக்க முடியாதுதான். தொலைக்க முடியுமே" என்று உயரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

முன்வரிசையில் ஒரு மூதாட்டி "ஆண்டவரே" என்று எழுந்து நின்றுவிட்டார். பிரசங்கியார் நிமிர்ந்து பார்த்தார்.

"சகோதரரே, கீழே வாங்க. பேசுவோம்."

"ரெண்டு ஸ்க்ரூ பாக்கி கீது பாஸ்டர். நீங்க பேசிக்கினே இருங்க."

சபையின் நடுவில் பெருமைக்காகப் பேசிவிட்டோம் என்று ஏணியிலேயே அவருக்கு உறைத்துவிட்டது. பகல் உணவின்போது பிரசங்கியாரைத் தேடிப்போய், "பாஸ்டர், மன்னிச்சிடுங்க. ஏணி மேலயே தொலைச்சிட்டேன்" என்றார். அவர் அன்போடு தோளைத் தட்டி, "நீங்க எதையும் தொலைக்கலையே பிரதர்" என்றார். அண்ணனின் முகம் சிவந்தது. "மன்னிச்சேன்னு மட்டும் சொல்லுங்க பாஸ்டர். நடுவுல உபதேசத்த நுழைக்காதீங்க." இதற்கு அண்ணன் திரும்பவும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. பிரியாணி ஆறிவிட்டது.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். போன வருடம் ஃபியூஸ் அண்ணனின் இதயத்தில் மூன்று அடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். தாம்பரத்திலேயே ஒரு மருத்துவமனையில் பைபாஸ் அறுவைக்கு நாள் குறித்தார்கள். திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி.

அதற்கு முந்தைய வாரம் முழுவதும் அண்ணன் தயாரானார். பழைய பாக்கி எதுவும் இல்லாமல் தெருத்தெருவாகப் போய் மன்னிப்புக் கேட்டு முடித்தார். வங்கி அதிகாரியோடு கட்டிப்பிடித்துக்கொண்டார். ஞாயிறு மாலை அவரைப் பார்க்கப் போனபோது, துவைத்து மடித்த வேட்டி மாதிரி இருந்தார். "இப்ப கூப்பிட்டாலும் ரெடி பிரதர்" என்றார்.

திங்கள் காலை ஆறே முக்காலுக்கு வார்டில் அந்தச் சம்பவம் நடந்தது. கோமதி என்ற ஆயா, ஒரு மேசை விசிறியைக் கொண்டுவந்து, பிளக் இல்லாததால் இரண்டு வயர் முனைகளையும் சுவரிலிருந்த சாக்கெட் துளைகளில் நேரடியாகச் செருகி, தீக்குச்சியால் இறுக்கினார். நாற்பது வருட வயர்மேன் கண்முன்னே. அண்ணன் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "அறிவு கீதா உனக்கு? மண்டையில இன்னா, களிமண்ணா?" என்று வார்டு அதிர ஒரு சத்தம் போட்டார். கோமதி வயரை உருவிக்கொண்டு போய்விட்டார். ஏழு மணிக்கு அவர் வேலை நேரமும் முடிந்தது.

நான் எட்டு மணிக்குப் போனபோது அண்ணன் வெளிறிப்போயிருந்தார்.

"பிரதர், போச்சு."

"நீங்க சொன்னது சரிதானேங்க, ஷாக் அடிச்சிருக்கும்ல" என்றார் எஸ்தர் அக்கா.

"சொன்னது சரி. களிமண்ணு தப்பு. அந்தப் பொண்ண கூப்பிடுங்க."

நான் ஓடினேன். மேற்பார்வையாளரிடம் எண் வாங்கினேன். கோமதிக்குப் பெரும்பாக்கம் குடியிருப்பில் வீடு. இரவு வேலை முடித்துப் போனவர் கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்குகிறார். பதினான்கு தடவை அழைத்தேன். நேரில் போய்த் திரும்ப நேரம் இல்லை. எட்டு ஐம்பதுக்குத் தள்ளுவண்டி வந்துவிட்டது.

"டாக்டர், மதியானத்துக்கு மேல வச்சுக்கலாமே" என்றார் அண்ணன்.

"உங்க ரத்தக்குழாய் தள்ளிப் போடாது சார்" என்றார் மருத்துவர். இளைஞர், பொறுமையானவர்.

அண்ணன் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏற மறுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் கையைப் பார்த்தேன். விளையாட்டுக்குப் பிடித்த பிடி இல்லை அது.

"சாவுக்குப் பயமில்ல பிரதர்" என்று மெதுவாகச் சொன்னார். "இப்ப இப்டியே உள்ள போய்ட்டு வரலன்னு வச்சுக்கோங்க. இவ என்னிக்கோ ஒரு நாள் அங்க வருவா. நேரா உள்ள போயிடுவா. என்னத் தேடுவா. நான் வெளிய நிப்பேன்."

அவர்கள் இருவரின் முப்பத்தைந்து வருட வாதம் எதைப் பற்றியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எஸ்தர் அக்கா அவர் விரல்களை ஒவ்வொன்றாக விளிம்பிலிருந்து எடுத்தார்.

"இத்தினி வருஷம் உங்க உபதேசத்துல இருந்தீங்க. இன்னிக்கி ஒரு நாலு மணி நேரம் என்னோடதுல போங்க."

"உன்னோடது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா ஆண்டவருகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க எதையும் பிடிச்சுக்க வேணாம். அவரு உங்கள பிடிச்சிருக்காரு. போதலன்னா நானும் வெளிய இருந்து பிடிச்சுக்கிறேன். நீங்க கைய விட்டுட்டுப் படுங்க."

அண்ணன் யோசித்தார்.

"நாலு மணி நேரந்தானே?"

"நாலுதான்."

"அதுக்கு மேல ஆச்சுன்னா?"

"நான் சீக்கிரம் முடிக்கிறேன் சார்" என்றார் மருத்துவர்.

அண்ணன் படுத்தார். கைகளை இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டார். கதவு மூடியபோது மணி ஒன்பது ஏழு.

ஐந்தே கால் மணி நேரம் ஆனது. சரியாக ஒன்று ஏழுக்கு எஸ்தர் அக்கா சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். தாழ்ப்பாள் போட்டு உள்ளே உட்கார்ந்திருப்பவர் என்று பெயரெடுத்த மனுஷி, புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு, "நாலுன்னு சொல்லிட்டேனே பிரதர்" என்றார். பிறகு கூரையைப் பார்த்து, பக்கத்து வீட்டாரிடம் ஏணி கேட்பது போல, "இன்னும் கொஞ்ச நேரம்" என்றார்.

இரண்டு இருபத்திரண்டுக்குக் கதவு திறந்தது. நல்ல சேதி.

வியாழக்கிழமை அவரை வார்டுக்கு மாற்றினார்கள். அன்று கோமதி வந்தார். அண்ணன் எழ முயன்றார்.

"படு நைனா, தையல் பிரிஞ்சிடப் போவுது."

"அன்னிக்கி உன்ன ஒண்ணு சொல்லிட்டேம்மா. மன்னிக்கணும்."

"இன்னா சொன்ன? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. டெய்லி பத்து பேரு கத்துறாங்கோ."

மறந்தவரிடம் மன்னிப்பு வாங்கினால் செல்லுமா என்று அண்ணனுக்குச் சந்தேகம். விசிறி, வயர், தீக்குச்சி, களிமண் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச் சொன்னார். கோமதியின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"ஓ. களிமண்ணுன்னு சொன்ன ஆளு நீதானா?"

"நான்தான்."

இடுப்பில் கை வைத்து முழுதாக ஒரு நிமிடம் முறைத்தார். "சரி, மன்னிச்சிட்டேன். இதுக்காவா இம்மாம் பேஜாரு? மாத்திரைய முழுங்கு."

அண்ணன் மாத்திரையை விழுங்கியதைவிட, அந்த வார்த்தையை விழுங்கியதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உபதேசம் மாறிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. "அது ஸ்பெஷல் பர்மிஷன் பிரதர். திங்கக்கிழமைக்கு மட்டும்" என்கிறார். எஸ்தர் அக்கா புன்னகை செய்கிறார். அந்தப் புன்னகையால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அண்ணனுக்கு இழப்பு.

வீடு திரும்பிய அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த அஞ்சே கால் மணி நேரம் நீங்க இன்னா பண்ணீங்க பிரதர்?" என்று கேட்டார். "சும்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்" என்றேன். "அதானே, நீங்க சரித்திர ஆளு" என்று சிரித்தார்.

அது பொய். அந்தப் பேப்பரில் ஒரு வரியும் நான் படிக்கவில்லை. என் குறிப்பு நோட்டிலும் அன்றைய பக்கத்தில் வெறும் நேரங்களைத் தவிர ஒன்றும் இல்லை. நேரில் வந்து சொல்லக் கூச்சமாக இருப்பதால் இங்கே எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே. எந்த உபதேசத்தின்படி என்று எனக்குத் தெரியாது. எஸ்தர் அக்காவோடு சேர்ந்து நானும் உங்களைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.