குணசேகரத்தாரின் பற்றறித் திட்டம்

என்ன வந்தாலும் சரி, அந்தப் பட்டியைக் கையில் சுற்ற விடுவதில்லை என்று குணசேகரம் முடிவெடுத்துவிட்டார். டெனிஷ் நகரமான ஹோர்சன்ஸில் பெரிய களஞ்சியமொன்றில் வேலை. தலைக்கு மேல் அடுக்கிய பெட்டிகளுக்கெல்லாம் அஞ்சாத மனிதர். அவர் அஞ்சியது வீட்டு அலுமாரியில் இருந்த, கையில் பட்டி சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கும் பிறஷர் மிஷினுக்கு மட்டும்தான்.

போன தடவை பார்த்தபோது பிறஷர் கூடிவிட்டது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வீட்டில் அளந்துகொண்டு வா, அப்போதும் கூடியிருந்தால் குளிசை விழுங்கத்தான் வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். குளிசை ஒருமுறை தொடங்கினால் கட்டை வேகும்வரை விடாது என்பது குணசேகரத்தின் சித்தாந்தம். போதாததற்கு மனைவி பரமேஸ்வரி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், பிறஷர் பார்ப்பதில் கைதேர்ந்தவர். மிஷினையும் மனைவியையும் எதிர்க்க முடியாது. பற்றறியை எதிர்க்கலாம்.

திட்டம் இதுதான். பின்னேரம் வேலையால் வந்ததும் மிஷினில் இருக்கும் பற்றறிகளைக் கழற்றிப் பழைய ரோச் லைற்றில் போடுவார். அந்த ரோச் பற்றறியைப் பச்சைத்தண்ணியாகக் குடிக்கும். வீட்டுக்குள் எரித்தால் பிடிபட்டுவிடுவாரே? அதனால் "ஒருக்கா வெளியில போயிட்டு வாறன்" என்று கடற்கரைப் பக்கம் கிளம்புவார். வெளிச்சம் மங்கும்வரை நடை. மழையென்றாலும் நடை, காற்றென்றாலும் நடை. நாயோடு எதிரே வரும் டெனிஷ்காரர்கள் வணக்கம் சொல்வார்கள். நாயில்லாமல் இந்தக் குளிரில் நடக்கும் மனிதரைக் கண்டு அவர்களுடைய நாய்கள்தான் குழம்பின. திரும்பி வந்து, செத்த பற்றறியை மிஷினில் போட்டுவிட்டு ஒன்றுமறியாத பிள்ளையாக உட்காருவார்.

"இஞ்சாருங்கோ, கையை நீட்டுங்கோ."

"நீட்டுறன். மிஷின்தான் கண்ணைத் திறக்குதில்லை, பரமேசு."

"நேற்றும் இப்பிடித்தானே?"

"உந்தப் பற்றறி சரியில்லை. இப்ப வாற சாமானெல்லாம் அப்பிடித்தான்."

பரமேஸ்வரி பற்றறிகளைக் கழற்றிப் பழைய சார்ஜரில் போட்டுவிட்டுப் படுக்கப் போவார். அது விடியும்வரை ஏற்றும். விடிந்ததும் இருவருக்கும் வேலைக்கு ஓடத்தான் நேரமிருக்கும். பின்னேரம் மறுபடி ரோச், மறுபடி நடை. பெண்சாதியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்ட பெருமையில் குணசேகரத்தின் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது.

வைத்தியரிடம் போகவேண்டிய கிழமையும் வந்தது. அன்று நடந்து களைத்து வந்தவரின் முன்னால் ஒரு புதுப் பெட்டி. மேலே மின்னல் படம்.

"என்னப்பா இது?"

"பாஸ்ட் சார்ஜர். கால் மணித்தியாலத்தில ஏத்திப்போடுமாம்."

குணசேகரம் அவசரமாகப் பெட்டியை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"பரமேசு, உமக்கு உதுகள் தெரியாது. வேகமா ஏத்தினா பற்றறி சூடாகும். ஆயுசு குறைஞ்சிடும்."

"ஆரின்ர ஆயுசு? பற்றறியின்ரயோ, உங்கடயோ?"

பரமேஸ்வரி மிஷினிலிருந்த பற்றறிகளைப் புதுச் சார்ஜரில் செருகினார்; சொன்னபடியே கால் மணித்தியாலத்தில் பச்சை விளக்கு எரிந்தது. குணசேகரம் பற்றறியைத் தொட்டுப் பார்த்தார். நல்ல சூடு. கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"சூடான பற்றறியைப் போட்டா பிறஷரும் கூடத்தான் காட்டும்!"

"அதுவும் சரிதான். அப்ப அது ஆறட்டும். அதுமட்டும் நீங்களும் கதிரையில சாய்ஞ்சு, கதைக்காமல் இருங்கோ."

வென்றுவிட்டதாக நினைத்துச் சாய்ந்திருந்தார். அளப்பதற்கு முன்னால் எவரும் அப்படித்தான் சும்மா இருக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பட்டி இறுகியது, தளர்ந்தது. பரமேஸ்வரி இலக்கத்தைப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் அளந்தார். முகம் மலர்ந்தது.

"குறைஞ்சிட்டுது! குளிசை தேவைப்படாது போல கிடக்கு."

"பாத்தீரே! இந்தச் சார்ஜருக்குக் கோயில் கட்டோணும்!" என்று குணசேகரம் மிஷினைத் தூக்கிக் கொஞ்சினார். கொஞ்சும்போது பின்பக்கத்தில் ஒரு துவாரம் கண்ணில் பட்டது. "இது என்ன ஓட்டை?"

"கரண்ட் வயர் குத்திறது. மிஷினோட வந்த வயர் மேசை லாச்சிக்குள்ள கிடக்கு."

"அப்ப பற்றறி இல்லாமலும் வேலை செய்யுமோ?"

"ஓம். மிஷினுக்குப் பற்றறி தேவையில்லை. உங்கட ரோச்சுக்குத்தான் தேவை."

குணசேகரத்துக்கு அசடு வழிந்தது. கொஞ்சம் நடவுங்கோ என்று வருடக்கணக்காகக் கெஞ்சியும் சோபாவை விட்டு எழும்பாத மனிதர் அவர். அவரை நடக்க வைக்கத்தான் இவள் ஒவ்வொரு இரவும் வாய் திறக்காமல் பற்றறியை நிரப்பி வைத்திருக்கிறாள். இத்தனை காலமும் பற்றறி, பற்றறி என்று சொல்லி வந்தவருக்கு, அதைப் பற்று, அறி என்றும் பிரிக்கலாம் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

"நீர் இல்லாட்டி நான் என்ன செய்வன், பரமேசு?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் உண்மையாகவே கலங்கிவிட்டது. அப்போதுதான் ஒரு சந்தேகம் எழுந்தது.

"எல்லாம் சரி. பிறகேன் இந்தப் புதுச் சார்ஜர்?"

"பழையது விடியவிடிய ஆறுதலா ஏத்தினபடியால் ஒரு நாளைக்கு ஒருக்காத்தானே நடந்தனீங்கள்?" என்றபடி பரமேஸ்வரி பற்றறிகளை ரோச்சில் போட்டு அவர் கையில் கொடுத்தார். "இனி வேளைக்கு எழும்பிக் காலமையும் போகலாம். இந்த நாட்டில அப்பவும் இருட்டுத்தானே!"