இடப்பக்கத் தோஷம்

உங்கள் வீட்டு அறைக்கு உடம்பு சரியில்லை. உங்களுக்குத் தெரியாது. ஒலி வைத்தியருக்குத் தெரியும்.

அவர் வாசலில் நின்று ஒருமுறை கைதட்டுவார். திரும்பி வரும் சத்தத்தைக் கண்மூடிக் கேட்பார். "பின்சுவருக்குப் பித்தம்" என்பார். வீட்டுக்காரர்கள் உடனே பின்சுவரைத் திரும்பிப் பார்ப்பார்கள், ஆஸ்பத்திரியில் கிடக்கும் சித்தப்பாவைப் பார்ப்பதுபோல.

பாட்டுக் கேட்பதற்கென்று வீட்டில் தனி அறை வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவர் பின்னால் அலைந்தார்கள். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கத்துக்கு ஒன்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு, மூலையில் இடி இடிப்பதற்கென்றே ஒரு பெரிய பெட்டி. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. இத்தனையும் வாங்கியாகிவிட்டது. இனி பாட்டைப் போட்டுக் கேட்கலாம் என்று நினைப்பீர்கள். கூடாது. அறையை முதலில் "எழுப்ப" வேண்டுமாம். தூங்குகிற அறையில் பாட்டுப் போட்டால் பாட்டு செத்துவிடுமாம்.

எழுப்புவதற்குச் சாமான்கள் உண்டு. வயர் தரையைத் தொடாமலிருக்க மரக்கட்டை. நிலா வெளிச்சத்தில் காயவைத்த கேபிள். எல்லாவற்றுக்கும் மேலே, நாதக்கல். கறுப்பாக, வழவழவென்று இருக்கும். ஆற்றில் கிடந்தால் கூழாங்கல். வெல்வெட் பைக்குள் போனால் நாதக்கல்.

வைத்தியர் இதற்கு முன்னால் மெத்தை விற்றவர். அப்போது ஆளின் நட்சத்திரத்துக்கு ஏற்ற பஞ்சு கொடுத்தார். முதுகுகள் விழித்துக்கொண்டதும் காதுகளுக்கு வந்துவிட்டார். காதில் பூச் சுற்றுவது எப்போதுமே சுலபம்.

அவரிடம் வந்து மாட்டியவர்களில் ஒருவர் நீதிமன்றச் சுருக்கெழுத்தர். வீட்டில் சாப்பாட்டு மேசையை வெளியே தள்ளிவிட்டு அந்த அறையைப் பாட்டறை ஆக்கியிருந்தார். குடும்பம் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டது. ஸ்பீக்கர்கள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

ஒருநாள் காலையில் எழுந்து பாட்டைப் போட்டார். இடப்பக்கம் மங்கலாக இருந்தது. யாரோ அந்தப் பக்கத்து ஸ்பீக்கர்கள்மேல் தலையணையை வைத்து அமுக்கியதுபோல. அன்று நீதிமன்றத்திலும் இடப்பக்கம் நின்ற வக்கீல் முணுமுணுப்பதாகவே பட்டது. இரு தரப்பையும் கேட்டு எழுத வேண்டியவர் ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதினார். நீதிபதி ஏறிட்டுப் பார்த்தார். சுருக்கெழுத்தர் வக்கீலை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

அவர் மனைவிக்குக் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. தெருவில் எல்லாருக்கும் அவர் கண்ணாடியக்கா. ஒரு கண்ணை மூடச் சொல்லி, எழுத்தைப் படிக்கச் சொல்லி, பிறகு மறு கண். எழுத்துகளை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஒப்பிக்கிற ஆட்களை நிறையப் பார்த்தவர். அவர்களுக்கு அட்டையைச் சத்தமில்லாமல் மாற்றி வைப்பார். அவர்களும் பழைய எழுத்தையே கம்பீரமாகப் படிப்பார்கள்.

"போனை ஏன் வலது காதுக்கு மாத்துனீங்க?" என்று கேட்டார்.

"சும்மா. கை மாறிடுச்சு."

"கை மாறல, காது மாறியிருக்கு. கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்."

"குறை அறையில இருக்கு. உனக்குச் சொன்னாப் புரியாது."

கண்ணாடியக்காவுக்குப் பயம் வந்தது. கண்ணில் திடீரென்று திரை விழுந்தால் அன்றைக்கே ஓடு, ஒரு வாரம் கழித்து வராதே என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவர். காதுக்கும் அந்த நியாயம்தானே? காது போனால் இந்த மனிதரின் வேலை போகும். வேலையைவிட, பாட்டு போகும். அது போனால் ஆளே போனமாதிரி.

ஆனால் கண்ணாடியக்காவின் தம்பி முந்திக்கொண்டான். வைத்தியரின் வலதுகை அவன்.

"அத்தான், டாக்டர்கிட்ட மட்டும் போயிடாதீங்க. காதுல சொட்டுமருந்து விட்டா நாதநரம்பு நனைஞ்சு போயிடும்னு ஐயா சொல்லியிருக்கார்."

"டேய், அப்ப குளிக்கிறப்ப அந்த நரம்பு என்னடா பண்ணும்? குடை பிடிக்குமா?"

"அக்கா, நக்கல் பண்ணாத. உனக்குக் கண்ணு வேலை. இது காது வேலை."

வைத்தியர் வந்தார். கைதட்டினார். "இடப்பக்கத் தோஷம்" என்றார். கட்டை வைத்தார், கேபிள் மாற்றினார். மங்கல் போகவில்லை. காது பழகட்டும் என்றார். காது பழகுவதற்காக வாரங்கள் ஓடின. கடைசியில் பெரிய சிகிச்சையாக நாதக்கல் ஏற்றுவது என்று முடிவாயிற்று. கல்லை இரண்டு நாள் வீட்டுக்காரி கையில் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கையாலேயே இடப்பக்க ஸ்பீக்கருக்கு அடியில் வைக்க வேண்டும். வைத்தியரின் சட்டம் அது.

"சரி, வைக்கிறேன்" என்றார் கண்ணாடியக்கா. "சரியாகலைன்னா மறுநாளே டாக்டர். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் கணவர். சரியாகிவிடும் என்று அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை பாட்டறை நிறைந்துவிட்டது. ஒரு பல் மருத்துவர், ஒரு பேராசிரியர், இன்னும் வைத்தியரால் பாட்டறை எழுந்த பல குடும்பஸ்தர்கள். சுருக்கெழுத்தர் மட்டும் நாற்காலியில், மற்றவர்கள் தரையில். வைத்தியர் ஆம்ப்ளிஃபயரின் முகப்பைச் சிவப்புப் பட்டுத் துணியால் மூடினார். "சத்த அளவு காட்டுற நம்பரைப் பார்த்தா காது பொய் சொல்லும்" என்றார். பிறகு கையைச் சால்வைக்குள் விட்டுக்கொண்டார்.

முதலில் கல் இல்லாமல் பாட்டு.

"இடப்பக்கம் எப்படி இருக்கு?"

"செத்துக் கிடக்குங்க ஐயா" என்றார் பேராசிரியர்.

"வேர்வரைக்கும் சொத்தை" என்றார் பல் மருத்துவர். தொழில் பக்தி.

கண்ணாடியக்கா வெல்வெட் பையைக் கொண்டுபோய் ஸ்பீக்கருக்கு அடியில் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மறுபடி அதே பாட்டு. அறை முழுக்கப் பெருமூச்சு. பேராசிரியர் கண்ணைத் துடைத்தார். பல் மருத்துவர் வாயைத் திறந்தார், மூடவில்லை.

"திரை விலகினமாதிரி இருக்கு!"

"அந்தப் பாடகி என் தோள்மேல சாஞ்சு பாடுறா!"

"வீட்ல சொல்லிடாதீங்க" என்றார் பக்கத்திலிருந்தவர்.

நாற்காலியிலிருந்து ஒரு குரல் மட்டும் தயங்கித் தயங்கி வந்தது. "சத்தம் கூடியிருக்கு. ஆனா இடப்பக்கம் எனக்கு அப்படியேதான் இருக்கு."

சபை அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. "உங்களுக்குக் காது இன்னும் பக்குவப்படல" என்றார் பேராசிரியர். இருந்த கூட்டத்தில் உண்மை பேசிய ஒரே ஆளுக்குப் பக்குவம் போதவில்லையாம்.

"ரொம்ப நல்லா இருக்கு. இன்னொரு தடவை போடுங்களேன்" என்றார் கண்ணாடியக்கா.

வைத்தியர் குளிர்ந்துபோனார். பாட்டைப் போட்டார். கை சால்வைக்குள் போயிற்று. கண்ணாடியக்கா பட்டுத் துணியைச் சரக்கென்று இழுத்தார். ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. யாரும் அதைத் தொடவில்லை.

"ஐயா, எண் ஓடுதே?" என்றார் பல் மருத்துவர்.

"ஓடாம? சால்வைக்குள்ள ரிமோட் இருக்கு" என்றார் கண்ணாடியக்கா. "கையை வெளில எடுங்க."

கை வந்தது. கூடவே ரிமோட்டும் வந்தது.

"அது... சத்தம் கொஞ்சம் ஏத்தினாத்தான் கல் முழிச்சுக்கும்."

"எந்தக் கல்?" கண்ணாடியக்கா வெல்வெட் பையைக் கவிழ்த்தார். துணி உலர்த்தும் கொடியில் மாட்டுகிற கிளிப் ஒன்று விழுந்தது. "உங்க கல் என் கடை மேசையில இருக்கு. காகிதம் பறக்காம பார்த்துக்குது. அந்த வேலையை ஒழுங்காச் செய்யுது."

கூட்டம் கிளிப்பைப் பார்த்தது. பேராசிரியர் கண்ணீர் விட்டது அதற்குத்தான்.

"நம்பிக்கை இல்லாத கை பட்டா எதுவும் கெட்டுப்போகும்" என்று வைத்தியர் எழுந்தார். "ஆனா தோஷம் பொய்யில்லம்மா. உங்க வீட்டுக்காரரே சொல்றார்ல, இடப்பக்கம் மங்கல்னு?"

"அதையும் பார்த்துடுவோம். என்னங்க, கொஞ்சம் எந்திரிங்க."

நாற்காலியைப் பின்சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். கணவரை உட்கார வைத்தார். செத்துப்போன இடப்பக்க ஸ்பீக்கர்கள் இப்போது அவருக்கு வலப்பக்கம். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே அளவாகப் பாட்டு.

"இப்ப எந்தப் பக்கம் மங்கலா இருக்கு?"

சுருக்கெழுத்தர் கேட்டார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கேட்டார். முகம் வெளுத்தது.

"இடப்பக்கம்தான்."

தம்பிக்குக்கூடப் புரிந்துவிட்டது. வைத்தியருக்கு மட்டும் புரியவில்லை. "பார்த்தீங்களா! தோஷம் நாற்காலியோட சேர்ந்து திரும்பியிருக்கு!"

"அவர் கோர்ட்டுக்குப் போனா கோர்ட்டுக்கும் வருது. பஸ்ல போனா டிக்கெட் வாங்காம பஸ்லயும் வருது. அப்ப அது அறையிலயா இருக்கு, அவர் காதுலயா?" கண்ணாடியக்காவின் குரல் முதன்முறையாக உடைந்தது. "ஒரு மனுஷன் காது அடைச்சுப்போச்சுன்னு வந்து நிக்கிறான். டாக்டர்கிட்ட போகாதேன்னு சொல்லி, சுவத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கியே. நீ என்ன ஜென்மம்யா?"

வைத்தியர் செருப்பைத் தேடினார். அவசரத்தில் பல் மருத்துவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். தம்பி வழக்கப்படி பின்னாலேயே இரண்டடி எடுத்து வைத்துவிட்டு நின்றான்.

"டேய், ஆட்டோ கூப்பிடு" என்றார் அக்கா.

காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். நரம்பில் கோளாறு, திடீரென்று வருவது என்றார். "எப்பலேருந்து இப்படி?" என்று கேட்டார். சொன்னார்கள். பேனாவைக் கீழே வைத்தார். "வந்த வாரமே வந்திருந்தா நிறைய மீட்டிருக்கலாம். இத்தனை நாளா என்ன பண்ணீங்க?"

சுவருக்கு வைத்தியம் பார்த்தார்கள். சொல்லக்கூடிய பதிலா அது?

மருந்து கொடுத்தார்கள். கொஞ்சம் திரும்பியது. மீதி திரும்பவில்லை, இனித் திரும்பாது. நீதிமன்றத்தில் இப்போது இரு தரப்பும் தனக்கு வலப்பக்கம் இருக்கும்படி இடம் மாற்றிக் கேட்டு வாங்கியிருக்கிறார். பாட்டறையில் சாப்பாட்டு மேசை திரும்பி வந்துவிட்டது. ஒரு ஸ்பீக்கர் போதும் என்கிறார். அது போதும்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

இவ்வளவு நடந்தது. கூட்டம் திருந்தியிருக்கும் என்கிறீர்களா? பேராசிரியர் வீட்டில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாதக்கல் ஏற்றினார்கள். "அந்த வீட்டம்மாவுக்கு நம்பிக்கை பத்தல, அதான் கல் வேலை செய்யல" என்று சொல்லிக்கொண்டார்கள். அங்கேயும் பட்டுத் துணி, அங்கேயும் சால்வை, அங்கேயும் பெருமூச்சு. சால்வைக்குள் கை எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

சுவருக்குக் காது உண்டு என்று சொல்லிச் சொல்லி, அதற்கு வைத்தியமும் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். ஐயா, சுவரை விடுங்கள். உங்களுக்கே இரண்டு காது இருக்கிறது. அவை இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதே, அதைக் கொஞ்சம் எழுப்பிப் பாருங்கள். அதற்குக் கல் தேவையில்லை.