மாமனார் சாப்பிட்ட ஃப்ரைட் ரைஸ்

சுலபம் என்று யார் சொல்லிக்கொடுத்தாலும் அந்தச் சமையலை விருந்தாளியிடம் சோதித்துப் பார்க்கக் கூடாது. விருந்தாளி மாமனாராக இருந்தால் அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்காமல் இருப்பதே உத்தமம். இந்த ஞானம் எனக்கு வந்தபோது நான் பரிமாறி முடித்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூர் காக்ஸ் டவுனில் நானும் கோமதியும் தனிக்குடித்தனம். காதல் கல்யாணம். அவள் தென்காசிப் பக்கம். பூண்டைக்கூட யோசித்துச் சேர்க்கும் சுத்த சைவக் குடும்பம். பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் அம்மா வீட்டிலோ ஞாயிறு என்றால் மட்டன், மற்ற நாட்களில் மட்டனைப் பற்றிய பேச்சு. கல்யாணம் பேச வந்த கோமதியின் அப்பா, சமையலறையிலிருந்து வந்த வாசனையைப் பிடித்ததும், அம்மா நீட்டிய காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். கல்யாணத்துக்கும் வரவில்லை. அதன்பிறகு ஊருக்கு ஃபோன் செய்தால் அவள் அம்மா மட்டும் பேசுவார். அப்பா பக்கத்தில் இருப்பது இருமலில் தெரியும். ஃபோனை வைத்துவிட்டுக் கோமதி வெகுநேரம் ஜன்னலருகே நிற்பாள்.

அப்படிப்பட்டவர் திடீரென்று, தானாகவே, வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். கோமதிக்குக் கால் தரையில் பாவவில்லை. புதுப் பாத்திரம் வாங்கினாள். அவியல், பாயசம் என்று திட்டம் போட்டாள். ஞாயிறு காலையில் அவர் வந்து இறங்கி, குளித்து, மகள் கையால் காபியும் குடித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒயிட்ஃபீல்டில் அவள் ஆபீஸ் சர்வர் படுத்துக்கொண்டது. வண்டி அனுப்பி அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"மதியத்துக்கு நல்ல சைவ ஹோட்டலா பாத்து வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்கு வீரம் வந்துவிட்டது. என் கையால் சமைத்துப் போட்டு மாமனார் மனதைக் கரைத்துவிடுவது என்று முடிவுசெய்தேன். (அதுவரை நான் தனியாகச் சமைத்தது வெந்நீர்.)

ஆபீஸ் நண்பன் நாகராஜுக்கு ஃபோன் போட்டேன்.

"ஃப்ரைட் ரைஸ் பண்ணு குரு, ரொம்ப ஈஸி. சாதம், தர்காரி, சோயா சாஸ். அஷ்டே. பெரியவர்னா மீல் மேக்கர் போடு, ப்ரோட்டீன் ஆச்சு" என்றான். (கன்னடத்தில் தர்காரி என்றால் காய்கறி. அஷ்டே என்றால் அவ்வளவுதான். என் கதையைத்தான் சொல்லியிருக்கிறான்.)

சாதம் ஆறவேண்டும் என்று அவன் சொல்லவில்லை. குக்கரிலிருந்து சுடச்சுட எடுத்துக் கிளறினேன்; களி ஆனது. மீல் மேக்கர் ஊறினால் பெருகும் என்றும் சொல்லவில்லை. பார்வைக்குக் கொஞ்சமாக இருக்கிறதே என்று பாக்கெட் முழுவதையும் வெந்நீரில் கொட்டினேன். அது மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தது. பிழிந்து, சிவக்க வறுத்து, சாஸ் ஊற்றினேன். நிறம் போதவில்லை என்று மறுபடி ஊற்றினேன். கேரட்டும் பீன்ஸும் இருந்த இடம் தெரியவில்லை. வாசனையும் போதவில்லை என்று பட்டது. அம்மா அரைத்துக் கொடுத்திருந்த பட்டை, கிராம்பு, சோம்பு மசாலாவைத் தாராளமாகத் தூவினேன். வீடு முழுக்க அம்மா வீட்டு ஞாயிற்றுக்கிழமை மணந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமனார் தட்டைப் பார்த்தார். பழுப்பு உருண்டை ஒன்றை விரலால் ஓரமாகத் தள்ளினார்.

"இது என்னது மாப்ளே?"

"ப்ரோட்டீன் மாமா. ஒடம்புக்கு ரொம்ப பலம்."

"கோமதி இதெல்லாம் சாப்பிடுதாளா?"

"வெளுத்துக் கட்டுவா மாமா."

அவர் கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. சாப்பாட்டுக்கு முன்னால் சாமி கும்பிடும் பழக்கம் போல என்று நானும் மரியாதையாகக் கைகட்டி நின்றேன். பிறகு அந்த உருண்டையை வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கினார். தண்ணீர் குடித்தார். அடுத்ததை எடுத்தார். நெற்றி வியர்த்தது. தட்டு காலியாகும் நேரத்தில், அவர் கை நீட்டித் தடுப்பதற்குள், இன்னொரு கரண்டி வைத்தேன். (உபசாரத்தில் எங்கள் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.) அதையும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு, "நல்லா இருக்கு" என்றார். உடனே துண்டை எடுத்துக்கொண்டு தலைக்குக் குளிக்கப் போனார். டிசம்பர் மாதத்தில், பெங்களூரில், பச்சைத் தண்ணீரில்.

சாயங்காலம் கோமதி வந்தபோது நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார்.

"கோமு, ஒங்க அம்மைட்ட மட்டும் சொல்லிராத. நான் கறி சாப்பிட்டுட்டேன்" என்றார்.

கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அப்படியே பஸ் ஏறி எங்காவது போய்விடலாமா என்றிருந்தது. அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் தூக்கிவந்தாள். ஓர் உருண்டையைப் பிய்த்து, உள்ளே வெறும் பஞ்சு என்று காட்டினாள்.

"அப்பா, இது மீல் மேக்கர். சோயா மாவுல பண்றது. சுத்த சைவம்."

அவர் அதை வாங்கி நசுக்கி, மோந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கறின்னு நெனச்சா ஏம்ப்பா சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"அன்னைக்கு ஒரு தடவ எந்திச்சுப் போனேம்லா. ரெண்டு வருசம் ஒன் மொகத்தப் பாக்காம கெடந்தேன். இன்னைக்கும் எந்திச்சா பொறவு எந்த மொகத்த வச்சுக்கிட்டு வருவேன்? மாப்ள வேற ஆசையா வச்சாரு."

கோமதி அவர் மடியில் தலைவைத்து அழுதாள். பிடிவாதக்காரர் என்று அவரைப் பற்றி நண்பர்களிடமெல்லாம் நக்கலடித்தவன் நான். யாரும் சொல்லாமலே அவர் காலில் விழுந்தேன். பிறந்ததிலிருந்து தொடாத ஒன்றை, மகளுக்காக ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் விழுங்கிய மனிதர். இப்படி ஒரு கவளம் விழுங்கும் தைரியம் எனக்கு உண்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போதும் வீட்டு விசேஷங்களில் யாருக்காக யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்று பேச்சு கிளம்பினால், அவர் மெதுவாகத் தொண்டையைச் செருமுவார்.

"நான் மாப்ளைக்காகக் கறியே தின்னவன்."

"அப்பா, அது சோயா" என்பாள் கோமதி.

"சட்டியில கெடந்தது சோயாவா இருந்துட்டுப் போகட்டும். நான் தின்னது கறிதான்" என்பார்.