கடைசிப் பக்கம் இல்லாத கதை

ஆங்கில இலக்கியம் நடத்துகிறவர்களின் ரகசியம் ஒன்றைப் போட்டு உடைத்துவிடுகிறேன். விஷயம் தெரியாத இடம் வந்தால் நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். மாணவர்கள் அதை ஆழம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

திருத்தணிப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்குத் தற்காலிக வேலை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கதை, கவிதை, நாடகத்தை ஆங்கிலத்தில் படிக்கப் பழக்க வேண்டும். பிரின்சிபால் அம்மா ஒருநாள் வகுப்பில் வந்து உட்காருவார், அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். என் அம்மா அதற்கு முருகனிடம் என் முடியை நேர்ந்துவிட்டிருந்தாள் (என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை).

பிரின்சிபால் வந்தது ஆடிக்கிருத்திகை முடிந்த மறுநாள். வகுப்பில் பாதித் தலைகள் மொட்டை. சந்தன வாசனையில் எனக்கே கும்பிடத் தோன்றியது.

அன்றைய கதையில், மீன் பிடிக்கப் போன கணவனுக்காக ஒருத்தி மாதக்கணக்கில் காத்திருக்கிறாள். கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு தலைமுடியை வெட்டிவிடுகிறாள். அதோடு கதை முடிந்தது, அதாவது பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் நான் எடுத்துவந்த தாள்கள் முடிந்தன. ஏன் அப்படி அந்தரத்தில் நிற்கிறது என்று எனக்கும் ஒரு நெருடல் இருந்தது. அதை நவீன உத்தி என்று தீர்மானித்து, இரண்டு பக்கத்துக்குக் குறிப்பும் எழுதி வைத்திருந்தேன்.

"முடியை ஏன் வெட்டினாள்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"வேண்டுதல் சார்" என்றது ஒரு மொட்டை. மற்ற மொட்டைகளும் ஆங், ஆங் என்று ஆமோதித்தன.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சீமையில் ஏது வேண்டுதல், ஏது முடிக்காணிக்கை, கணவன் செத்துவிட்டான், இது சோகத்தின் சிகரம் என்று பொரிந்து தள்ளினேன். எழுத்தாளர் வேண்டுமென்றே முடிவைச் சொல்லாமல் விட்டதன் மேன்மையைப் பத்து நிமிடம் விளக்கினேன். பிரின்சிபால் தலையாட்டினார். வேலை கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் கே.ஜி.கண்டிகை கிராமத்துக் கலைவாணி எழுந்தாள். நைனாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக அவளும் மொட்டை போட்டிருந்தாள். கையில் லைப்ரரி புத்தகம்.

"அவரு சாவல சார். வந்துட்டாரு. அடுத்த பக்கத்துல சாப்ட்டுகினு கீறாரு."

என் தாள்களைத் திருப்பிப் பார்த்தேன். அடுத்த பக்கம் என்று ஒன்று என்னிடம் இல்லவே இல்லை.

"படிம்மா" என்றார் பிரின்சிபால்.

கலைவாணி எழுத்துக் கூட்டி, திக்கித் திணறிப் படித்தாள். கணவன் கரை சேர்ந்துவிட்டான். சூப்பில் உப்பில்லை என்று குறைகூட சொல்கிறான். அவனைத் திருப்பிக் கொடுத்தால் முடியைத் தருவதாக அவள் கடலிடம் சொல்லியிருந்தாளாம். வகுப்பே கைதட்டியது. தலை குனிந்து நின்றேன். என் பதினைந்து வருட ஆங்கிலத்தை ஒரு சந்தனமொட்டை சாய்த்துவிட்டது. ஆனால் வெட்கத்துக்கு நடுவிலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் வகுப்பில் ஒருத்தி ஒரு ஆங்கிலக் கதையைத் தானாகவே கடைசிவரை படித்திருக்கிறாள்.

வெளியே வந்த பிரின்சிபால், "பசங்க நல்லா படிக்கிறாங்க. நீங்களும் அவங்களோட சேர்ந்து படிங்க" என்று சொல்லி வேலையைக் கொடுத்தார். அடுத்த வாரமே மலையேறி மொட்டை போட்டுக்கொண்டேன். மொட்டைத் தலையோடு வகுப்புக்குப் போனபோது, "வேண்டுதலா சார்?" என்று கலைவாணிதான் முதலில் கேட்டாள்.

என் மனைவி பள்ளிப்பட்டுக்காரி; தெலுங்கு கலந்த ஊர் என்பதால் புருஷனை 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமான புதிதிலேயே அம்மா இந்தக் கதையை அவளிடம் ஒப்பித்துவிட்டாள். அன்றிலிருந்து நான் கல்யாணப் பத்திரிகை படித்தாலும், கரண்டு பில் படித்தாலும், பின்னால் திருப்பிப் பார்த்தேனா என்று கேட்காமல் விடமாட்டாள். நேற்று இந்தக் கட்டுரையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

"மீதித் தாள எங்க உட்ட பாவா?"