பிளாட்டிபஸ்ஸுக்காக வாயைக் கட்டிய குடும்பம்

எங்கள் குடும்பத்தில் ரகசியம் சொன்னாலே எதிர் பிளாட் வரை கேட்கும். முடிச்சூர் வீட்டின் இரண்டாவது மாடி பால்கனியில் நின்றபடி, தெருமுனையில் திரும்பும் தண்ணி லாரியைக் குரலாலேயே நிறுத்துவார் அம்மா. அப்பா செல்போனில் பேசினால், இவருக்குப் போன் எதற்கு என்று தோன்றும். இவர்களை நம்பித்தான் நான் பிளாட்டிபஸ் பார்க்கப் போனேன்.

அண்ணனுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை. அவனைப் பார்க்கப் போகிறோம் என்றதுமே, அந்த ஊர் ஓடைகளில் வாழும் பிளாட்டிபஸ் மேல் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வாத்தின் அலகு, நீர்நாயின் உடம்பு, முட்டையும் போடும், குட்டிக்குப் பாலும் கொடுக்கும்! (மிச்சம் மீதியை வைத்துக் கடவுள் கிண்டிய உப்புமா.) காட்டாங்குளத்தூர் கல்லூரியில் வகுப்பு நடக்க நடக்க, பெஞ்சுக்கடியில் எனக்கு அதன் வீடியோதான். சின்னச் சத்தம் கேட்டாலும் முங்கிவிடுமாம். உடனே சட்டம் போட்டேன்: ஓடைக்கரையில் பேசக்கூடாது, கை நீட்டக்கூடாது, என்னைத் தட்டிக் கூப்பிடவும் கூடாது.

“தும்மல் வந்தா?” என்றார் அப்பா.

“முழுங்கிடுங்க.”

மொட்டைமாடியில் புறாக்களை வைத்து ஒத்திகைகூட நடத்தினேன். (அம்மா ஃபெயில். புறாவிடமே பேசினார்.)

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் விடியற்காலையில்தான் அண்ணன் எங்களை அந்த ஓடைக்கு அழைத்துப் போனான். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. அம்மா வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். நான் பைனாகுலரோடு எதிர்க்கரையை நோக்கினேன்.

அங்கே பழுப்பாக, தட்டையாக ஒன்று மிதந்தது! என் இதயம் அடித்த அடியில் பிளாட்டிபஸ் ஓடிவிடுமோ என்று பயந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டோவாக எடுத்துத் தள்ளினேன். வெளிச்சம் வந்தது. ஒரு பறவை பறந்து வந்து என் பிளாட்டிபஸ் மேல் உட்கார்ந்தது. மரக்கட்டை.

கண்ணீர் முட்டத் திரும்பினேன். மூன்று பேரும் கன்னம் உப்பி, முகம் சிவந்து நின்றார்கள்.

“சரி, பேசலாம். இனிமே வராது.”

“ஐயோ, என்னா அழகுடீ!” அம்மா வெடித்தார். ஓடைக்கரை மரத்துப் பறவைகளெல்லாம் கிளம்பின. “உன் காலுக்கு நேர் கீழதான்! முதல்ல குமிழ் குமிழா வந்துச்சு, அப்புறம் அதுவே வந்துச்சு. பின்னங்காலால முதுகைச் சொறிஞ்சுக்கிச்சுடீ!”

“என்னையே பார்த்துச்சும்மா” என்றார் அப்பா, பெண் பார்த்துவிட்டு வந்தவர் போல.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீதானே தட்டிக்கூட கூப்பிடக்கூடாதுன்ன?” என்றான் அண்ணன்.

“பொறந்ததுலேர்ந்து நான் இவ்ளோ நேரம் வாயை மூடினதே இல்ல” என்றார் அம்மா. “ஒரு பாராட்டாவது உண்டா?”

அன்றிலிருந்து இதுதான் வீட்டு வழக்கம். அடுப்பில் நான் வைத்த பால் பொங்கி வழிந்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால், “பிளாட்டிபஸ் ஓடிடுமே!”

போன வாரம் மாம்பலம் போகத் தாம்பரம் ஸ்டேஷனில் நின்றோம். நான் காதில் ஹெட்போனோடு ஒரு நீர்நாய் வீடியோவில் மூழ்கியிருந்தேன். நிமிர்ந்தபோது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் அப்பா தும்மலை அடக்குபவர் போல மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா, உதட்டின் மேல் விரல் வைத்தபடி, சத்தமே இல்லாமல் என்னைக் கடந்து போனார்.