பள்ளிக்கூடத் தொடரும் பை சோதனையும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மரியாதைக்குத்தான் பங்கம். என் வீட்டில் தங்கிப் படிக்கும் உன் மகள், இனி பெரியப்பா வீட்டில் இருக்க மாட்டேன், கல்லூரி விடுதிக்குப் போகிறேன் என்று உனக்குப் போன் செய்திருப்பாள். அழுதுகொண்டே சொல்லியிருப்பாள். நடந்ததை அழாமல் நான் சொல்கிறேன்.

டிவியில் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் புதிதாக மூன்று தொடர்கள் ஆரம்பித்திருக்கிறார்கள். உன் மகள் மூன்றையும் பார்க்கிறாள். பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் தொடரில் மழையில் ஓடி வருகிற பெண்ணுக்குத் தலை நனையவில்லை. இரண்டாவதில் பள்ளிக்கூடமே மாடிப்படியில்தான் நிற்கிறது. வகுப்புக்குள் யார் இருக்கிறார்களோ தெரியவில்லை. பள்ளி மாணவன் என்கிறார்கள், தாடி மழித்த பச்சை தெரிகிறது. "எத்தனை வருஷமா ஒரே கிளாஸ்ல இருக்கான்?" என்று கேட்டேன். "பெரியப்பா, கதையப் பாருங்க" என்றாள். பார்த்தேன். அதுதான் வினை.

மூன்றாவது தொடரில் ஒருத்தி, திருடிய மோதிரத்தை இன்னொருத்தியின் பைக்குள் போட்டுவிடுகிறாள். பள்ளி வாசலில் காவலாளி உட்கார்ந்தபடியே தூங்குகிறான். தம்பி, ஆலை வாசலில் ஆயுசு முழுக்க நின்று, வெளியே போகும் ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்தவன் நான். மேனேஜர் பையைக்கூட விட்டதில்லை. அந்தத் தூங்குமூஞ்சி எழுந்து நின்றிருந்தால் கதை முதல் நாளே முடிந்திருக்கும். வருடக்கணக்கில் இழுக்கத்தான் அவனைத் தூங்க வைத்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

அன்றைக்கு அந்தத் தொடரைப் பார்க்க அவள் தோழிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். முடிந்ததும் கிளம்பினார்கள். என் கால் தானாக வாசலுக்குப் போய்விட்டது. "பைய ஒரு நிமிஷம் திறந்து காட்டுங்கம்மா" என்றேன். மரியாதையாகத்தான் கேட்டேன். நெட்டையாக இருந்தவளின் பையில் பாதி கடித்த ரொட்டி, ஒரு சீப்பு, ஒற்றைக் காலுறை. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். கேட்கக் கூடாதா? திருதிருவென்று முழித்தாள். சந்தேகத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

அவர்கள் போனதும் உன் மகள், "எனக்கு இருந்ததே ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், பெரியப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் அண்ணி, "நீங்கதான் ரிட்டயர் ஆனீங்க, உங்க கை இன்னும் ஆகல" என்றாள். அதிலிருந்து இந்த வீட்டில் என்னோடு பேசுவது டிவி மட்டும்தான்.

பையைத் திறந்து காட்டுவதில் அவமானம் எங்கிருந்து வந்தது? ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்கள் சிரித்துக்கொண்டே காட்டிவிட்டுப் போவார்கள். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அவள் விடுதிக்குப் போகட்டும், நீ சம்மதம் சொல்லிவிடு. நாளை நானே கூட்டிப் போய் இடத்தைக் காட்டுகிறேன். வரும் வழியில் இந்தக் கடிதத்தையும் தபாலில் போடுகிறேன்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். சின்னவனுக்கு என் ஆசீர்வாதம். அவனையும் டிவி முன்னால் தனியாக விடாதே.

இப்படிக்கு,
எதையும் விட்டுக்கொடுக்காத
உன் அண்ணன்

பின்குறிப்பு: விடுதிக்குப் போய் வந்துவிட்டோம்; நடந்த களேபரத்தில் கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். வாசலிலேயே வார்டனம்மா உன் மகளின் பையை வாங்கி மேசைமேல் கவிழ்த்தாள். நாலு பேர் பார்க்க ஒவ்வொன்றாகத் தூக்கி, இது என்ன, அது எதற்கு என்று கேட்டாள். குழந்தை தலையைக் குனிந்துகொண்டது. "எங்க வீட்டுப் பொண்ணு பையக் கிளற நீங்க யாரும்மா?" என்று நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். எல்லாவற்றையும் நானே அள்ளிப் போட்டு அவளைக் கூட்டி வந்துவிட்டேன். வழியெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன்; சிரிப்பு. ஆகவே நீ சம்மதம் சொல்லாதே. அந்த நெட்டைப் பெண்ணின் வீட்டு விலாசத்தைக் கேட்டால் மட்டும் தர மறுக்கிறாள். "அங்க போய் என்ன பண்ணுவீங்களோ" என்கிறாள். மன்னிப்புக் கேட்கப் போகிறவனையே சந்தேகப்பட்டால் எப்படி, தம்பி?